கிளட்ச் காலுக்கு, கியர் கைக்கு

“நாலு மெக்கானிக் கடை ஏறி எறங்கிட்டனுங்க தம்பி. நாலு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்றாங்க. நீங்களும் அதையேதான் சொல்லப் போறீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. வண்டியை ஆட்டோவுல இருந்து எறக்காம அப்படியே திருப்பிக்கறேன்.”

சிக்கந்தர் லேத் மெஷினை நிறுத்தினான்.

“என்ன சொன்னாங்க?”

“கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக்கச் சொன்னாங்க.”

“வாங்கலாமே.”

“கடம்பூர் மலையில, பஸ் நிக்கற எடத்துக்கு மேல ரோடே கெடையாது. கல்லும் சேறும்தான். அறுபது கிலோ ஜவுளி மூட்டையோட ஸ்கூட்டர் ஏறுமா? ஏறும்னு சொல்லுங்க, நாளைக்கே வாங்கறேன்.”

சிக்கந்தர் சரக்கு ஆட்டோவின் மேல் கயிற்றால் கட்டியிருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பார்த்தான்.

பாவாத்தாள் கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொள்ளவில்லை. அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். இடது கை. கட்டை விரல் இருந்தது. சுண்டு விரல் இருந்தது. நடுவில் மூன்று விரல்கள் இருந்த இடத்தில் தையல் தழும்பு மட்டும் இருந்தது.

“மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டற மெஷினுங்க. எட்டு மாசம் ஆச்சு.”

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. இருபது வருடமாக மலையூர்களில் துணி விற்கிறாள். சேலை, உள்பாவாடை, போர்வை, பள்ளிக்கூட யூனிபார்ம். முதலில் தலைச்சுமை. பிறகு பதினோரு வருடமாக இந்த வண்டி.

சிக்கந்தருக்கு முப்பத்தொன்று. சத்தியமங்கலத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதிகம் பேசமாட்டான் என்று ஊரில் பெயர்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கையால என்னென்ன முடியும்?”

நாலு மெக்கானிக்குகளும் என்ன முடியாது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

“தள்ள முடியும். கட்டை விரலைக் கொக்கியாட்டம் மாட்டி இழுக்க முடியும். இறுக்கிப் புடிக்கத்தான் முடியாது. கிளட்சைப் புடிச்சா நழுவிப் போயிருது.”

“கால்?”

“ரெண்டும் கல்லாட்டம் இருக்குதுங்க.”

அவன் ஒரு சாக்குக்கட்டியை எடுத்தான். சிமெண்ட் தரையில் ஒரு கையை வரைந்து பக்கத்தில் ‘கிளட்ச்’ என்று எழுதினான். ஒரு பாதத்தை வரைந்து ‘கியர்’ என்று எழுதினான்.

செருப்புக் காலால் இரண்டு எழுத்தையும் அழித்தான்.

இடம் மாற்றி எழுதினான்.

பாவாத்தாள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“ஆகுமா தம்பி?”

“ஆகோணும். நான் செஞ்சதில்லை.”

“எப்ப வந்து வண்டியை எடுத்துக்கட்டும்?”

“நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க. எடுக்க இல்லை. செய்ய.”

“நானா?”

“மலையில வயர் அறுந்தா நான் அங்கயா இருப்பேன்?”

பாவாத்தாள் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினாள்.

“கயித்தை அவுருங்க.”

*

அன்று சாயங்காலம் அண்ணன் சென்னியப்பன் அவள் வாசலில் வந்து நின்றார்.

பாவாத்தாளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. கை அறுபட்ட அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். பதினாறு நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தவரும் அவர்தான்.

“வண்டி எங்க அம்மிணி?”

“பட்டறையில உட்டிருக்கறனுங்கண்ணா.”

“விக்கறதுக்கா?”

“ஓட்டறதுக்கு.”

அவர் முகம் சுருங்கியது.

“நான் என்ன செத்தா போயிட்டேன்? உனக்கு ரெண்டு வேளை சோறு போடமாட்டனா? மலை ஏறினது போதும் கண்ணு. இனி உக்காந்து சாப்புடு.”

“எட்டு மாசமா உக்காந்துதானுங்க சாப்புடறேன். இறங்க மாட்டேங்குது.”

“சொன்னாக் கேளு.”

“கேட்டனுங்கண்ணா. எட்டு மாசம் கேட்டேன்.”

*

மறுநாள் எட்டு மணிக்கு சிக்கந்தர் அவளிடம் ஓர் இரும்புப் பட்டையும் ஓர் அரமும் கொடுத்தான்.

“இந்த ஓரத்தை ராவுங்க. கண்ணாடியாட்டம் நேரா வரோணும்.”

அரத்துக்கு இரண்டு கை வேண்டும். வலது கை கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும். இடது கை நுனியைப் பிடித்து அமுக்கும். பாவாத்தாள் அமுக்கினாள். நுனி நழுவியது. மறுபடியும் அமுக்கினாள். நழுவி உள்ளங்கையைக் கீறியது.

பத்து மணிக்கு அரத்தைக் கீழே போட்டாள்.

“என்னால முடியலைங்க.”

சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தான். இன்னோர் இரும்புப் பட்டையை எடுத்துப் பக்கத்து இடுக்கியில் மாட்டினான். தன் இடது கையின் நடு மூன்று விரல்களை மடக்கித் துணிக்கிழிசலால் இறுக்கிக் கட்டினான். பல்லால் முடிச்சுப் போட்டான். பிறகு அரத்தை எடுத்தான்.

அவனுக்கும் நழுவியது.

அவனையும் கீறியது.

அவன் நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, “கையில என்ன காயமுங்க?” என்று கேட்டார். “இல்லீங்க” என்று சொல்லிவிட்டு ராவிக்கொண்டே இருந்தான்.

பாவாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த அரத்தை எடுத்தாள். தன் துப்பட்டாவின் ஓரத்தை ஒரு சாண் அகலம் கிழித்தாள். அரத்தின் நுனியை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டி, மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

இப்போது நுனி நழுவவில்லை. கை மொத்தமும் அரத்தோடு போய் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சிக்கந்தர் இரண்டு பட்டைகளையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அவனுடையது வளைந்திருந்தது. அவளுடையது கொஞ்சம்தான் வளைந்திருந்தது.

“உங்களது தேவலை” என்றான். “அந்தக் கட்டு எப்படிப் போட்டீங்க?”

அவள் காட்டினாள். அவன் தன் கைக்கட்டை அவிழ்த்து, அவள் போட்ட மாதிரியே போட்டுப் பார்த்தான்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டாள்.

*

பதினெட்டு நாள் ஆனது.

கியர் போடும் கால் லீவரைக் கழற்றினார்கள். அது இருந்த தண்டில் கைபோல் நீளும் ஒரு சின்ன இரும்புத் துண்டை மாட்டி, அதிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை மேலே பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அங்கே முழங்கை நீளத்தில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் ஒரு கியர் இறங்கும். பின்னால் இழுத்தால் ஒரு கியர் ஏறும்.

சிக்கந்தர் லீவரின் தலையில் உருண்டையாக ஒரு மரக் குமிழ் வைக்கச் சொன்னான். பாவாத்தாள் வைத்தாள். தள்ளிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். இழுக்கும்போது வழுக்கியது.

“குமிழ் வேண்டாமுங்க மாஸ்டர்.”

“எல்லாக் கார்லயும் குமிழ்தான் இருக்கும்.”

“அந்தக் காரெல்லாம் ஓட்டறவங்களுக்கு அஞ்சு விரல் இருக்கும்.”

கம்பியின் நுனியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கைத்தடியின் தலைபோல் வளைத்தாள். கட்டை விரல் அந்த வளைவுக்குள் போய் உட்கார்ந்தது. தள்ள உள்ளங்கை, இழுக்கக் கட்டை விரல்.

சிக்கந்தர் அந்தக் குமிழை எடுத்துத் தன் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டான். பேப்பர் பறக்காமல் இருக்கட்டும் என்றான்.

கிளட்சுக்கு இடது காலடியில் ஒரு மிதி. மிதித்தால் வயர் இழுபடும், இன்ஜின் சக்கரத்தை விட்டுவிடும். காலை எடுத்தால் மிதி தானாக மேலே வரும், இன்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பாவாத்தாள் வண்டியில் ஏறினாள்.

மிதித்தாள். லீவரைத் தள்ளினாள். காலை மெல்ல எடுத்தாள்.

வண்டி நகர்ந்தது.

பட்டறைத் தெருவைத் தாண்டினாள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டினாள். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். எட்டு மாதத்துக்குப் பிறகு காற்று அவள் முகத்தில் அடித்தது. வாய்விட்டுச் சிரித்தாள். எதிரில் சைக்கிளில் வந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துத் தலையசைத்தார்.

வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது.

பிரேக் பிடித்தாள். இடது கால் மிதியில் இருந்தது. வலது காலை ஊன்றத் தேடினாள். அந்தப் பக்கம் சாலை சரிந்து பள்ளமாக இருந்தது. கால் எட்டவில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பழக்கத்தில் இடது காலை எடுத்து ஊன்றினாள்.

மிதி மேலே வந்தது. கிளட்ச் பிடித்தது. வண்டி துள்ளியது.

ஆடுகள் சிதறி ஓடின. பாவாத்தாள் வண்டிக்கு அடியில் கிடந்தாள்.

*

முழங்காலில் தோல் வழன்றிருந்தது. வேறு காயம் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தபோது அங்கே அண்ணன் நின்றிருந்தார். அவள் வருவதற்குள் செய்தி வந்திருந்தது.

“ஒரு கை போனது பத்தலையா? காலும் போகோணுமா?”

அவள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

“நாளைக்கு ஆளோட வர்றேன். இந்த வண்டியை வித்துட்டு மறு வேலை.”

“வண்டி எம் பேர்ல இருக்குதுங்கண்ணா.”

“உன்னைத் தூக்கிட்டு ஓடினது நான்தானே? மறுக்கா ஓட என்னால ஆகாது அம்மிணி!”

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பாவாத்தாள் சிக்கந்தரைப் பார்த்தாள்.

“ஏத்தத்துல நின்னா ரெண்டு காலும் வேணும். ஒரு காலு மிதியில மாட்டிக்குது. என்னங்க பண்றது மாஸ்டர்?”

“தெரியாது.”

“விளையாடாதீங்க.”

“நெசமாத்தான் சொல்றனுங்க. தெரியாது.”

“தெரியாதவருக்கு எதுக்கு மாஸ்டர்னு பேரு?”

“நான் வெச்சுக்கலைங்க. நீங்கதான் வெச்சீங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. மணிக்கட்டில் சுற்றியிருந்த, அரம் கட்டும் துணியை அவிழ்த்து அவன் மேஜையில் எறிந்தாள்.

“அப்ப நானே பாத்துக்கறேன்!”

“ம்” என்றான் சிக்கந்தர்.

*

வீட்டுக்குப் போனாள். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டாள். சோறு இறங்கவில்லை. ஜன்னலோரம் இருந்த தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதமாக அதில் துணி வைத்ததில்லை. அடியில் இருந்த மிதிபலகையில் சும்மா காலை வைத்தாள். மனசு வேறெங்கோ இருந்தது. கால் தன் பாட்டில் ஆட்டிக்கொண்டிருந்தது.

முன்பாதம் அமுங்கியது. குதிகால் அமுங்கியது. முன்பாதம். குதிகால்.

முன்பாதம் அமுங்கியிருந்தபோது அண்ணன் வாசலில் செருமுகிற சத்தம் கேட்டது. காலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள்.

குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். பலகை எழும்பவில்லை. அவள் கால் விட்ட இடத்திலேயே, முன்பக்கம் சாய்ந்தபடியே இருந்தது.

“ஏன் அம்மிணி, சாப்புட்டியா?” என்றார் அண்ணன் வெளியிலிருந்து.

“ஸ்பேனர் இருக்குதுங்களா அண்ணா?”

அவர் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை. மெஷினை ரிப்பேர் செய்கிறாள், வீட்டில் உட்காரத் தயாராகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். வண்டி விற்கிற பேச்சை அதோடு விட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு அந்த மிதிபலகையைப் பட்டறை மேஜையில் டங்கென்று வைத்தாள்.

“நடுவுல அச்சு. முன்பாதத்தால அமுக்குனா கிளட்ச் விடோணும். குதிகாலால அமுக்குனா புடிக்கோணும். காலை எடுத்தா எங்க இருந்துதோ அங்கயே நிக்கோணும். ரெண்டு காலையும் ஊனிக்கலாம்.”

சிக்கந்தர் பலகையை ஆட்டிப் பார்த்தான்.

“மெஷின்ல நிக்கும். இங்க கிளட்ச் ஸ்பிரிங் திருப்பித் தள்ளுமே. எப்படி நிக்கும்?”

“அதைக் கண்டுபுடிக்கத்தான் வந்திருக்கறேன். தள்ளி நில்லுங்க.”

சிக்கந்தர் தள்ளி நின்றான்.

*

செருப்புத் தோலை வட்டமாக வெட்டி அச்சில் மாட்டி, நட்டை இறுக்கினாள். அரை நிமிடம் நின்றது. பிறகு மெல்ல எழும்பியது.

டயர் ரப்பரை வைத்தாள். நன்றாக நின்றது. இன்ஜின் சூட்டில் இளகியது.

பழைய பிரேக் லைனிங் துண்டுகளைப் பொறுக்கி, ராவி வட்டமாக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து இறுக்கினாள். முன்பாதத்தால் அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்து பார்த்தபோது மிதி அமுங்கியே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தாள். அப்படியே இருந்தது.

“இதுக்கு எங்க படிச்சீங்க?” என்றான் சிக்கந்தர்.

“கோபத்துல” என்றாள்.

பிறகு ஏழு நாள் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் நின்றாள். ஏறுவாள், பாதியில் நிறுத்துவாள், இரண்டு காலையும் ஊன்றுவாள், மறுபடி கிளப்புவாள். வலது கையின் இரண்டு விரல் முன் பிரேக்கைப் பிடித்திருக்கும். மிச்ச விரல்கள் ஆக்சிலேட்டரை முறுக்கும். இடது குதிகால் மெல்ல அமுங்கும். இன்ஜின் சத்தம் கனக்கும்போது பிரேக்கை விட வேண்டும். அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் வேலை. முதல் நாள் பதினான்கு தடவை இன்ஜின் அணைந்தது. இரண்டு தடவை விழுந்தாள். பாலத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் தினமும் இடம் பிடித்து உட்கார ஆரம்பித்தார்கள்.

“விழறதைப் பாக்கறதுக்குன்னே வர்றாங்க மாஸ்டர்.”

“ஏமாத்திருங்க.”

ஏழாம் நாள் அவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறு கதை பேசினார்கள்.

*

மாற்றிய வண்டியைக் காட்டி அனுமதி வாங்க ஆர்டிஓ ஆபீசுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். நட்டுகளை ஆட்டிப் பார்த்தார்.

“இடது கைப் பக்கம் கிளட்ச் லீவரே இல்லையேம்மா.”

“இருந்தா யாருங்க புடிக்கறது?” என்று கையை நீட்டினாள்.

அவர் கையைப் பார்த்தார். மேடான இடத்தில் மூன்று தடவை நிறுத்திக் கிளப்பச் சொன்னார். நாலாவது தடவை எதிர்பாராமல் குறுக்கே கையைக் காட்டி நிறுத்தினார். நின்றாள். இரண்டு காலையும் ஊன்றினாள்.

“யார் செஞ்சது இதை?” என்று சிக்கந்தரிடம் கேட்டார்.

“அக்காதாங்க.”

“நீங்க?”

“நான் பக்கத்துல இருந்தனுங்க.”

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

*

“மலைக்கு மூட்டையோட போறதுக்கு முந்தி ஒரு தடவை வெறும் வண்டியா ஏத்திப் பாக்கலாம் அக்கா” என்றான் சிக்கந்தர்.

“வெறும் வண்டி எல்லாருக்கும் ஏறும். நீங்க எத்தனை கிலோ?”

“அறுபத்திரண்டு.”

“மூட்டைக்குப் பதிலா உக்காருங்க.”

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அடிவாரம் வரை சிக்கந்தர் நிம்மதியாக வந்தான். முதல் கொண்டை ஊசி வளைவில் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“ரெண்டாவது போடுங்க அக்கா.”

அவள் போடவில்லை.

“அக்கா, ரெண்டாவது.”

“மூட்டை பேசாதுங்க மாஸ்டர்.”

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதற்கு எதிரே மேலே போகும் பஸ். வளைவிலேயே செங்குத்தான இடம் அது. பாவாத்தாள் பஸ்சுக்குப் பின்னால் நிறுத்தினாள். முன்பாதத்தால் மிதியை அமுக்கினாள். இரண்டு காலையும் ஊன்றினாள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சிக்கந்தர் இறங்கினான். கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் பாறைப் பக்கமாக நகர்ந்து நின்றான்.

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. அதில் ஒரு காரிலிருந்து சென்னியப்பன் இறங்கி வந்தார். விடிகாலையில் தங்கை வீடு பூட்டியிருந்ததைப் பார்த்தவர், விசாரித்துக்கொண்டு துரத்தி வந்திருந்தார். மேல்மூச்சு வாங்கியது.

“இறங்கு அம்மிணி.”

“அண்ணா…”

“இந்த எடத்துல நின்னு வாதாடாதே. கீழே பாத்தியா, எவ்வளவு பள்ளம்னு? இறங்கி என் காருல டிரைவரோட உக்காரு. வண்டியை நான் வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றேன். அதுக்குப் பொறவு நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன்.”

பஸ் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. பாவாத்தாள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். பயம்தான் இருந்தது.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டதும் இறங்கினாள்.

“ஓட்டுங்கண்ணா.”

சென்னியப்பன் முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். ஏறி உட்கார்ந்தார். இடது கை கிளட்சைத் தேடியது. விரல்கள் காற்றை மடக்கின.

“கிளட்ச் எங்க?”

“கால்லீங்க.”

இடது கால் கியரைத் தேடியது. பலகையில் இடித்தது.

“கியரு?”

“கையில.”

அவர் லீவரைத் தள்ளினார். காலைப் பலகையிலிருந்து எடுத்தார். ஆக்சிலேட்டரை முறுக்கினார். இன்ஜின் அலறியது. வண்டி நகரவில்லை. பலகை அமுங்கிய இடத்திலேயே நின்றது.

கோபத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்தார்.

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அவர் பதறி லீவரை அசைத்ததில் கியர் விட்டுப் போனது. பின்னால் உருண்டது. பஸ்சில் யாரோ கத்தினார்கள். சிக்கந்தர் ஓடிவந்து பெரிய கல் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். வண்டி கல்லில் முட்டி நின்றது.

மறுபடி முயன்றார். மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை இடது கை, கால், வலது கை மூன்றும் மூன்று வேலை செய்தன. வண்டி கல்லில் ஏறி இறங்கிக் குலுங்கியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்குள் லாரி திரும்பிவிட்டது. பஸ் கிளம்பியது. வழி திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சென்னியப்பன் வண்டியை விட்டு இறங்கினார்.

“யார் ஓட்டறதுக்கு செஞ்சீங்கய்யா இதை?” என்று சிக்கந்தரைப் பார்த்துக் கத்தினார்.

சிக்கந்தர் வண்டிப் பக்கம் தலையைத் திருப்பினான்.

பாவாத்தாள் ஏறி உட்கார்ந்திருந்தாள். இன்ஜினைக் கிளப்பினாள். முன்பாதத்தால் அமுக்கினாள். உள்ளங்கையால் லீவரைத் தள்ளினாள். வலது கை பிரேக்கில் இருந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள்.

“அப்படியே கிளப்புங்க அக்கா” என்றான் சிக்கந்தர். “கல்லு இருக்குது, பின்னால போகாது.”

“அண்ணா, கல்லை எடுங்க.”

சென்னியப்பனுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது.

“என்னது?”

“கல்லை எடுங்கண்ணா.”

“எடுத்தா வண்டி பின்னால வந்துருமே அம்மிணி!”

“வராதுங்க.”

சிக்கந்தர் கல்லை நோக்கி ஓர் அடி வைத்தான்.

“நீங்க வேண்டாமுங்க மாஸ்டர்” என்றாள் அவள். “அண்ணன் எடுக்கட்டும்.”

ஹாரன் சத்தம் அதிகமானது. சென்னியப்பன் சாலையில் மண்டியிட்டார். ஒரு கையைச் சக்கரத்தின் மேல் தாங்கலாக வைத்துக்கொண்டார். மறு கையால் கல்லை அசைத்தார். நிமிர்ந்து தங்கையின் முதுகைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

கல்லை உருவி எடுத்தார்.

சக்கரத்தின் மேல் இருந்த கை, பின்னால் உருளப்போகும் வண்டியின் பாரத்துக்காகக் காத்திருந்தது.

பாரம் வரவில்லை.